ஒரு சுண்டு பாலைப்பழமும் ஒரு முதிரை நிலையும்

வைகாசி பிறந்து வெயில் முகத்தில் அறையத் தொடங்கினால், யாழ்ப்பாணம் பஸ் நிலையப் பக்கம் பாலைப்பழம் வந்துவிடும். கடகத்தில் குவித்து வைத்துச் சுண்டு என்ற சின்னப் பேணியால் அளந்து விற்பார்கள். சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் பழம். விலை வருடா வருடம் ஏறும். நாங்களும் வருடா வருடம் "உதென்ன விலை" என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்குவோம். ஒரு கை தின்று முடிப்பதற்குள் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பாலைப்பால் அப்படி. சின்ன வயதில் அம்மா உதட்டில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டுத்தான் பழத்தையே கையில் தருவார்.

போன பருவத்தில் வாங்கும்போது சும்மா கதை கொடுத்தேன். கடகத்துக்குப் பின்னால் இருந்த அம்மா, குடாநாட்டுக்குத் தெற்கே காடு கிடக்கும் வன்னிப் பக்கத்துக்காரர். விடிய வெள்ளன பஸ் ஏறி வருகிறாராம்.

"பாலை நல்ல உயரமான மரமெல்லே அம்மா, எப்பிடி ஆயிறனீங்கள்?"

"உந்த உயரத்துக்கு ஆர் ஏறுறது தம்பி? பெடியள் கொப்பைத் தறிச்சு விழுத்துவாங்கள். நிலத்தில இருந்து ஆய வேண்டியதுதான்."

அவர் அதை ஒளிக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. தேங்காய் எப்படிப் பறிப்பது என்று கேட்டிருந்தாலும் இதே குரலில்தான் சொல்லியிருப்பார். பாலை மெல்ல வளரும் மரம். ஒரு கொப்பு அந்தப் பருமனுக்கு வர எத்தனை மாரி போயிருக்கும்! கரடிக்கும் இந்தப் பருவத்தில் இதே பழம்தான் சாப்பாடு. கரடி ஏறித் தின்னும், நாங்கள் தறித்துத் தின்கிறோம். நான் வாங்கியது ஒரு சுண்டு. எனக்கு முன்னால் நின்றவர் இரண்டு சுண்டு. எங்கள் இருவரில் யாருக்காக அந்தக் கொப்பு விழுந்தது என்று கேட்டால் பதில் இல்லை. பையைக் கொழுவிக்கொண்டு கோண்டாவில் பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வருடம்தான் நாங்கள் வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம். பழைய வீட்டின் முன்பக்கத்தை இடித்து, ஒரு அறை கூட்டி, வாசலை ரோட்டுப் பக்கம் திருப்பும் வேலை. மேசன் வேலை அரைவாசி முடிந்ததும் நிலை வைக்க நாள் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், வாசல் நிலை வைப்பது ஒரு சின்னக் கலியாணம். மஞ்சள், குங்குமம், மாவிலை, நவதானியம், ஆசாரியாருக்கு வேட்டி, வெற்றிலையில் காசு எல்லாம் உண்டு. எந்த மரம் என்ற பேச்சு அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது.

"அறைக்கு வேம்பு போடலாம் தம்பி. வாசலுக்கு முதிரைதான்," என்றார் ஆசாரியார்.

"முதிரையெண்டா மூண்டு தலைமுறைக்குப் பாக்கத் தேவையில்லை," என்றார் பெரியப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முதிரைக்குக் குறைந்து எதுவும் உள்ளே வராது என்பது அவர் முகத்தில் இருந்தது.

குடாநாட்டில் முதிரை இல்லை. உண்மையில் இங்கே சொல்லிக்கொள்ளும்படி காடே இல்லை. மணற்காட்டில் மணலைப் பிடித்துவைக்க நட்ட சவுக்கு, கடலேரிக் கரைகளில் கண்டல், ஆங்காங்கே கொஞ்சம் பற்றை. சுண்ணாம்புக் கல்லின் மேல் ஒரு முழம் செம்மண், அதில் தோட்டம், தோட்டத்தைச் சுற்றிச் சனம். காடு என்றால் எங்களுக்கு ஆனையிறவுக்கு அங்கால்தான். முல்லைத்தீவு மாவட்டத்தில் பாதிக்கு மேல் இன்னும் காடுதான். அந்தக் காடு எங்களுக்கு நெடுங்காலமாக ஒரு வைப்பறை மாதிரி. கதவு வேண்டுமென்றால் போனோம், தேன் வேண்டுமென்றால் போனோம். புகையிலைத் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்க்கக் குழைகூட வன்னியிலிருந்து லொறியில் வந்து இறங்கியதாக அம்மப்பா சொல்வார். எங்கள் செம்மண் கறுத்துக் கொழுத்ததில் அந்தக் குழைக்கும் பங்கிருக்கிறது.

மரக்காலைக்குப் போனேன். நுழையும்போதே மூக்கைப் பிடிக்கும் அந்த மரத்தூள் வாசம் எனக்குப் பிடிக்கும், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முதிரைப் பலகையை அறுத்த கையோடு பார்த்தால் பொன் மஞ்சளாக மினுங்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பட்டுச்சீலையில் மடிப்பு ஓடுகிற மாதிரி உள்ளே ஒரு பளபளப்பு ஓடும். விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்டேன். அதுவே பிழை, தடவிவிட்டால் பிறகு பேரம் பேச வராது. அப்புறம்தான் கேட்டேன்:

"எவடத்து மரம் ஐயா?"

"வன்னி மரம்தான்."

"வன்னியில எவடம்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உதெல்லாம் ஏன் கேக்கிறியள்? பெர்மிற் கிடக்கு." மேசை லாச்சியைத் திறந்து ஒரு போட்டோப் பிரதியைக் காட்டினார். பிரதியின் பிரதி. முத்திரை ஒரு கறுப்புப் பொட்டாக இருந்தது. திகதியை வாசிக்க முடியவில்லை. அந்தக் கடதாசி அந்தப் பலகைக்கு உரியதா, வேறு பத்து லொறிகளுக்கும் அதையே காட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அவர் வேறு மரம் காட்டியிருக்கப் போவதில்லை, நானும் வேறு மரக்காலைக்குப் போயிருக்கப் போவதில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த விசயம் அது.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. காட்டு மரம் வெட்டினால் குற்றம், அனுமதி இல்லாமல் ஏற்றினாலும் குற்றம். அந்தச் சட்டத்தில் பிடிபடுகிறவர்களைப் பற்றி எங்கள் பத்திரிகைகளில் வாரம் தவறாமல் செய்தி வரும். மணலுக்குக் கீழே முதிரைக் குற்றி, வைக்கோலுக்குக் கீழே பாலைக் குற்றி, லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியில், டிப்பரில், சில நேரம் பயணிகள் வாகனத்திலும்கூட. சாரதியின் வயது, ஊர், எத்தனை குற்றி என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். அந்தக் குற்றி யார் வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது என்று மட்டும் எந்தச் செய்தியிலும் நான் வாசித்ததில்லை. சாரதிக்கு வழக்கு. எங்களுக்கு மாவிலைத் தோரணம், நாதஸ்வரம்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "வெட்டுறவனைப் பிடிக்கத்தானே வேணும்," என்றார். பிடிக்கட்டும். ஆனால் நாள் கூலிக்கு வாள் பிடிப்பவனுக்கும், அதற்குப் பின்னால் நிற்கும் முதலாளிக்கும், மூன்று தலைமுறைக் கதவு கேட்கும் எனக்கும் ஒரே பங்கு என்று சொல்லமுடியாது. என் பங்கு கூலிக்காரனுடையதை விடப் பெரிது என்றுதான் நினைக்கிறேன். அவனுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்காது. எனக்கு வேம்பு இருந்தது.

போருக்குப் பிறகு வன்னிக் காட்டுக்கு வந்த பாரத்தை வேறு விதமாகவும் பார்க்க வேண்டும். 2009க்குப் பிறகு சனம் மீளக் குடியேறியபோது கூரை இல்லாத வீடுகள்தான் எங்கும். 2012இல் இருந்து இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்கில் 45,000 வீடுகள் கட்டத் திட்டம் போட்டார்கள், ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபாய். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலை, கதவு, யன்னல், கூரைக்கு வளையும் சலாகையும். அந்த மரம் எங்கிருந்தாவது வரத்தான் வேண்டும். தறப்பாளுக்குக் கீழே நாலு மாரி இருந்த குடும்பத்திடம் போய்க் காட்டைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. எங்கள் தெருவில் புதிதாக எழும்பிய மூன்று மாடி வீட்டைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். மாடிப்படியின் கைப்பிடி முழுக்கத் தேக்கு, கதவு ஒன்பதும் முதிரை, ஆட்கள் வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து மூன்று கிழமை நிற்பார்கள். மிச்ச நாளெல்லாம் பூட்டு. அவர்களும் எங்கள் ஆட்கள்தான். ஊர் மேல் ஆசையால் கட்டுகிறார்கள், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் கைப்பிடியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன், எத்தனை மரம் என்று.

மரத்துக்காக மட்டும் காடு போகவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ரோட்டுக்குக் கிரவல் தோண்டினார்கள், முகாமுக்கு இடம் எடுத்தார்கள், வயலுக்கு வெளியாக்கினார்கள். ஆனால் அந்த ரோட்டிலும் நான்தான் பஸ்ஸில் போகிறேன்.

அம்மம்மாவின் அடுப்படி ஞாபகம் வருகிறது. விறகு காசு கொடுத்து வாங்கி நான் பார்த்ததே இல்லை. அடுப்பு மூட்டக் காய்ந்த பனங்கொட்டை ஊமல், பற்றவைக்கக் காவோலை, நின்று எரியப் பனைமட்டை, புட்டு அவிக்கச் சிரட்டையும் தென்னம்பாளையும். கங்குமட்டை காய்ந்து கிடந்தால் போதும், ஒரு பக்கம் சோறு கொதித்துவிடும். எல்லாம் தானாக விழுந்தவை. வேலி, உயிர்க்கம்பாக நட்ட கதியாலும் பனையோலையும். வருடத்துக்கு ஒரு தரம் வேலி அடைப்பு, பழைய ஓலை தோட்டத்துக்கு எருவாகப் போகும். கூரையில் பனஞ்சலாகை, அதுவும் வைரம் ஏறிய கிழப்பனை. வளவில் ஒன்று தறித்தால் ஊரே அறியும். இப்போது பனை தறிப்பதற்கு அனுமதி எடுக்கவேண்டும், 1978இல் வந்த பனை அபிவிருத்திச் சபையும் இருக்கிறது.

இதைச் சொல்லிப் பழைய காலத்தைக் கோயிலில் வைக்க எனக்கு விருப்பமில்லை. அம்மம்மாவின் கண் அந்தப் புகையில்தான் கெட்டது. பனையையும் நாங்கள் பத்திரமாக வைத்திருக்கவில்லை. போர்க்காலத்தில் பங்கருக்கு மேல் அடுக்கப் பனங்குற்றியைப் போல வேறொன்று வாய்க்கவில்லை, எல்லாப் பக்கத்தாரும் தறித்தார்கள், வீட்டுக்காரரும் தறித்தார்கள். 1990இல் ரயில் நின்ற பிறகு தண்டவாளக் கட்டையும் அதே வழிதான் போனது. 2014இல் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்தபோது கீழே கொங்கிறீட் கட்டை போட்டிருந்தார்கள். அதில் எத்தனை பாலை தப்பியதோ.

சரி, மரத்தை விட்டு அடுப்படிக்குள்ளேயே இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். வீட்டில் கிடந்த பிஸ்கற் பக்கற் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் பார்த்தேன். "மரக்கறி எண்ணெய்" என்று எழுதியிருந்தது. எந்த மரக்கறி என்று இல்லை. பெரும்பாலும் அது பாம் எண்ணெய்தான், எங்கள் தமிழில் முள்ளுத்தேங்காய். சவர்க்காரத்திலும் இருக்கும், ஐஸ்கிறீமிலும் இருக்கும், உடனே அவிக்கும் நூடில்ஸிலும் இருக்கும். உலகத்துப் பாம் எண்ணெயில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து வருகிறது. அங்கே காட்டையும் கரிச் சதுப்பு நிலத்தையும் வெளியாக்கி நட்ட இடங்கள் ஏராளம். 2015இல் இந்தோனேசியாவில் மூண்ட தீயில் 26 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது என்று உலக வங்கி கணக்குச் சொன்னது. புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. எங்கள் வீட்டில் அந்த வருடமும் தேத்தண்ணியோடு பிஸ்கற் தின்றோம்.

இலங்கையில் 2021 ஏப்ரலில் கோத்தாபய அரசாங்கம் பாம் எண்ணெய் இறக்குமதியை ஒரே நாளில் தடை செய்தது. புதிதாக நடவும் கூடாது, நட்டதையும் வருடத்துக்குப் பத்து வீதமாகப் பிடுங்கவேண்டும் என்றது. தடை நெடுநாள் அந்த இறுக்கத்தில் நிற்கவில்லை, பேக்கரிக்காரருக்கும் பிஸ்கற் கொம்பனிகளுக்கும் எண்ணெய் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் "நல்லது, இனித் தேங்காயெண்ணெய்" என்று நானும் சந்தோசப்பட்டவன். பிறகு கணக்கை வாசித்தபோது சந்தோசம் இறங்கிவிட்டது. ஒரு ஹெக்டேயர் முள்ளுத்தேங்காயில் வருடத்துக்கு மூன்று நாலு தொன் எண்ணெய் வரும். அதே நிலத்தில் தென்னையை வைத்தால் ஒரு தொன் தேறுவதே பாடு. உலகம் முழுக்க என்னைப் போல மனம் மாறித் தேங்காயெண்ணெய் கேட்டால் இன்னும் எவ்வளவு நிலம் வேண்டும், அது யாருடைய காடு? ஒரு பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை அதே அளவு வாங்கினால் கோடரி இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பிஸ்கற்றைக் குறைப்பது வேறு விசயம். அதைச் செய்வதுதான் கஷ்டம்.

பிஸ்கற்றை விட்டாலும் தேத்தண்ணி இருக்கிறது. அந்தப் பிளேன்ரீக்குள்ளும் ஒரு காடு கிடக்கிறது. மலையகக் காட்டை முதலில் விழுத்தியது கோப்பிக்காக, 1830களில் இருந்து. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தபோது அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. அந்தத் தோட்டங்களில் உழைத்தது தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போன கூலிச் சனம். நடந்த வழியிலேயே செத்தவர்கள் பலர். கை கூலிக்காரன் கை, குடித்த வாய் லண்டன் வாய். காட்டை அழித்தது யார் என்று அன்றைக்கு வழக்குப் போட்டிருந்தாலும் கோடரி பிடித்தவனைத்தான் கூண்டில் ஏற்றியிருப்பார்கள். வன்னி லான்ட்மாஸ்டர்காரனை நினைத்தால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வருகிறது, இந்த முறை லண்டனின் இடத்தில் நாங்கள் இருக்கிறோம்.

வாங்குகிறவர் பக்கமும் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாடு, கொக்கோ, கோப்பி, முள்ளுத்தேங்காய், ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து செய்த பொருட்களும், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்திருந்தால் அங்கே விற்கமுடியாது. விளைந்த நிலம் எது என்று வரைபடப் புள்ளியோடு வாங்கும் கொம்பனி காட்டவேண்டும். அமலுக்கு வரும் நாளைத் தள்ளிப் போட்டபடியே இருக்கிறார்கள், அது அவர்களுடைய அரசியல். இந்தச் சட்டம் களுத்துறையில் ஒரு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் மனிசனைப் போனும் கையுமாக வரம்பில் நிற்கவைக்கும், அவருக்கு அது சுமைதான். இருந்தாலும் மரக்காலை லாச்சியில் இருந்த அந்தப் பிரதியின் பிரதியை நினைத்தால், "எவடத்து மரம்" என்ற கேள்வியை யாரோ ஒருவர் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு பொறாமை வருகிறது. நான் கேட்டபோது அது அதிகப்பிரசங்கித்தனமாக அல்லவா இருந்தது.

கடைசியில் வீட்டுக்கு என்ன செய்தோம் என்று சொல்லவேண்டும். அறை நிலை மூன்றும் பழையது வாங்கினோம். இடிக்கிற வீடுகளிலிருந்து கழற்றின நிலை, கதவு, வளை எல்லாம் விற்கிற இடங்கள் இங்கே இருக்கின்றன, தேடிப் போனால் நல்ல மரம் அகப்படும். ஆணி ஓட்டை அடைக்கவேண்டும், பழைய பெயின்றைச் சுரண்டவேண்டும், ஆசாரியார் முகத்தைச் சுளிப்பார், கூலி கொஞ்சம் கூடும். அம்மாவுக்கு அதில் மனமில்லை, செத்த வீட்டுச் சாமானோ என்னவோ என்று. அறைக்குத்தானே என்று சமாதானம் சொல்லி ஒப்பேற்றினோம்.

வாசலுக்குப் புது முதிரை. ஆம், வாங்கினேன். இவ்வளவும் யோசித்துவிட்டுத்தான் வாங்கினேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, இந்த வாசலால்தான் இனிக் கோயிலுக்குப் போய்வரப்போகிறார், அவர் மனதைக் குழப்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பலகையின் மினுக்கம் எனக்கும் பிடித்திருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. மரக்காலையில் தந்த துண்டில் கன அடி, விலை, திகதி, அறுவைக் கூலி எல்லாம் சரியாக இருந்தது. ஊர் மட்டும் இல்லை.

நிலை வைப்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஆசாரியார் முற்றத்தில் இருந்து நிலையின் இடது காலில் கதவுப் பிணைச்சலுக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்தார். உளி டங் என்று சத்தம் போட்டது. மரத்தில் வருகிற சத்தம் இல்லை அது. அவர் உளியைத் திருப்பிப் பார்த்தார், நுனி பறந்திருந்தது. பிறகு சின்ன உளியால் ஓரம் ஓரமாக நோண்டி, குறட்டால் பிடித்து இழுத்தார். நகத்தளவு இரும்புத் துண்டு, கறுத்து, ஓரமெல்லாம் பிசிராக இருந்தது. செல் துண்டு, எறிகணைச் சிதறல். மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருந்தது. துண்டு இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் முதிரை மஞ்சள் மாறி நீலம் பாய்ந்திருந்தது.

"வன்னி மரம்தான்," என்றார் ஆசாரியார், எனக்கென்று இல்லாமல். துண்டை யன்னல் கட்டில் வைத்தார். "உளி போச்சு. உதை உங்கட கணக்கிலதான் எழுதுவன்."

மரத்தூளையும் பசையையும் குழைத்து ஓட்டையை அடைத்தார். காய்ந்ததும் தேய்த்து வார்னிஷ் அடித்தார். அம்மாவுக்கு அந்த இடம் தெரியாது. பிணைச்சலுக்கு ஒரு விரற்கடை கீழே இருக்கிறது, கையை வைத்தால் கொஞ்சம் சொரசொரக்கும்.